காட்பாடியில் ஒரு பகல்

 

நேற்று இரவு பத்து மணிக்கு என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஈரோடு ஜங்ஷனில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். வெயிட்டிங் லிஸ்ட் 3 வரை வந்த டிக்கெட், சார்ட் போட்டதும் தானாகக் கேன்சலாகிவிட்டது. மாமனாருக்கு உடம்பு சரியில்லை, எப்படியும் போயாக வேண்டும். "சார், எனக்கு அழுகையா வருது" என்றாள். பதறாதே என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. ஏன் என்று அவளிடம் சொன்ன கதையைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 3, ஞாயிறு இரவு. நானும் வீட்டுக்காரம்மாவும் ஈரோட்டில் சென்னைக்கு ரயில் ஏறினோம். செவ்வாய்க்கிழமை என் அக்காவுக்கு இதய ஆபரேஷன். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். வயது 78. உள்ளே கொண்டுபோகும் முன் ஒரு தரம் முகம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. புயல் வருகிறது என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். மகன் தடுத்தான். "மழைக்குப் பயந்தா பள்ளிக்கூடம் நடத்துனேன்?" என்று கிளம்பிவிட்டேன்.

விடியற்காலை நாலு மணிக்குக் காட்பாடியில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். ஆறு மணிக்கு, இதற்கு மேல் போகாது என்று அறிவித்தார்கள். அக்கா மகன் நம்பர் ஒரு தரம் அடித்தது. அப்புறம் அதுவும் இல்லை.

உங்களில் பலருக்கு என் கோபம் தெரியும். மணி அடித்ததும் கேட்டைச் சாத்தச் சொல்லி, தாமதமாக வந்தவர்களை வேப்பமரத்தடியில் நிற்க வைத்தவன் நான். அந்தக் கோபம் முதலில் வீட்டுக்காரம்மா மேல் திரும்பியது. குடை எங்கே, மாத்திரையை ஏன் பெரிய பெட்டியின் அடியில் வைத்தாய் என்று ஆரம்பித்தேன். அவள் பதிலே பேசவில்லை. சால்வையை விரித்துப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்தது விசாரணைக் கவுண்ட்டர். ஐம்பது பேர் முண்டியடிக்கும் இடத்தில் நானும் புகுந்து, "பொறுப்பா ஒரு பதில் சொல்ல ஆளில்லையா?" என்று கத்தினேன். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு தம்பி. இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மெதுவாகத்தான் சொன்னார்: "பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவுல பாலத்துல தண்ணி ஏறிடுச்சுங்க ஐயா. எப்ப வண்டி விடுவாங்கன்னு எங்களுக்கே தெரியல." நான் விடவில்லை. "உங்களுக்கென்ன, எங்க வீட்டுல ஆபரேஷன்" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "என் வீடு வியாசர்பாடிதாங்க. ரெண்டு பிள்ளைங்க. நைட்டுல இருந்து போன் போகல." சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

திரும்பி வந்து வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "ஏனுங்க, அந்தத் தம்பி ஏதாச்சும் சாப்பிட்டிருக்குமா?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

டீயும் இரண்டு பன்னும் வாங்கிக்கொண்டு போனேன். அதற்குள் பத்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும். கவுண்ட்டரில் வேறொருவர் இருந்தார். டியூட்டி மாறிவிட்டதாம். அந்த டீயைப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு பெரியவருக்குக் கொடுத்தேன். அவர் கையில் ஒரு போன். வந்த மெசேஜ் ஆங்கிலத்தில் இருந்தது, படித்துச் சொல்லச் சொன்னார். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், இந்த வரிசையில் நில்லுங்கள் என்றேன். அவருக்குச் சொன்னதைக் கேட்டு இன்னும் நாலு பேர் வந்தார்கள். பிறகு ஒரு குடும்பம். மதியம் வரை பிளாட்பாரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு எப்போது அடங்கியது என்று கவனிக்கவில்லை. தியானம் ஒன்றும் செய்யவில்லை. கைக்கு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா நடுவில் யாரோ ஒருத்தியின் குழந்தையைத் தூங்க வைத்திருந்தாள். அந்தப் பெண் எங்களுக்கு எலுமிச்சை சோறு கொடுத்தாள். அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவோ எலுமிச்சை சோறு சாப்பிட்டிருக்கிறேன், அந்தப் பொட்டலத்தை மறக்க முடியவில்லை.

சாயங்காலம் ஈரோடு பக்கம் வந்த ஒரு வண்டியில் நின்றுகொண்டே திரும்பினோம். சென்னையில் விமான நிலையமே மூடிக் கிடந்த நாள் அது. புதன்கிழமைதான் அக்கா லைனில் கிடைத்தாள். பெரம்பூர் வீட்டில் இரண்டாம் படி வரை தண்ணீர், மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, ஆபரேஷனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நான் குரல் உடைந்து "வர முடியலை அக்கா" என்றேன். "நீ வராததே நல்லதாப் போச்சு கண்ணு. வந்திருந்தா உன்னையும் தண்ணிக்குள்ள தேடோணும்" என்று சிரித்தாள். "சாப்டியா?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தாள்.

மாணவிக்கு உருப்படியாகச் சொன்னது கொஞ்சம்தான்: குழந்தைக்கு முதலில் பால் கொடு, பஸ் ஸ்டாண்டுக்குப் போ, டிக்கெட் பணம் தானாக வந்துவிடும், மருந்தும் முக்கியமான நம்பர் எழுதிய தாளும் கைப்பையில் இருக்கட்டும். காலையில் போய்ச் சேர்ந்துவிட்டதாக மெசேஜ் போட்டிருந்தாள்.

அடுத்த வாரம் அக்காவைப் பார்க்கப் போகும்போது வண்டி காட்பாடியில் நின்றது. பிளாட்பாரத்தில் இறங்கிக் கவுண்ட்டர் பக்கம் வேகமாக நடந்தேன். அந்தத் தம்பியின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்க வேண்டும், அதற்கு முன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாதி தூரம் போவதற்குள், "ஏனுங்க, வண்டி நகருதுங்க, ஏறுங்க!" என்று அவள் சத்தம் போட்டாள். ஓடி வந்து ஏறிக்கொண்டேன்.