குடியேறிகளின் மகிழ்ச்சி

கோடை விடுமுறைக்கு வந்தவாசி வந்திருந்த அக்காள் மகன் கணினியை விட்டு எழவே இல்லை. உணவுண்ண அழைத்தபோது, "கொஞ்சம் பொறுங்கள் மாமா, என் ஜனங்கள் பசியோடு இருக்கிறார்கள்" என்றான். தன் பசியை மறந்து பிறர் பசிக்கு இரங்கும் பிள்ளையைக் காணும் ஆவலில் அருகே சென்று அமர்ந்தேன்.

அவன் ஆடிக்கொண்டிருந்தது 'அன்னோ 1602' என்னும் விளையாட்டு. 1998இல் வெளிவந்தது, பழையது. ஆளற்ற தீவொன்றில் கப்பலை நிறுத்தி, மரம் வெட்டி, வீடு கட்டிக் குடியேறிகளை வாழவைக்க வேண்டும். தொடக்கத்தில் அவர்களின் தேவை சிறியது. நாளாக நாளாக உணவோடு துணி, தேவாலயம், மது, புகையிலை, பள்ளிக்கூடம் எனப் பட்டியல் நீள்கிறது. கேட்டது கிடைத்தால் குடில் வீடாகிறது, வீடு மாளிகையாகிறது. கிடைக்காவிட்டாலோ, வரி அளவுக்கு மீறி உயர்ந்தாலோ, மனம் வெறுத்து வெளியேறத் தொடங்குகிறார்கள்.

"இவர்களை நீ ஏன் இத்தனை பாடுபட்டு மகிழ்ச்சியாக வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"இல்லாவிட்டால் வரி வராதே மாமா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த நேர்மையான விடை எனக்குச் சிந்தாதிரிப்பேட்டையை நினைவூட்டியது. 1734இல், மார்ட்டன் பிட் சென்னையின் ஆளுநராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏற்றுமதித் துணிக்காக உருவாக்கிய நெசவாளர் குடியிருப்பு அது. சின்னத் தறிப்பேட்டை என்னும் பெயரே அவ்வாறு மருவிற்று என்பர். கூவம் வளைந்து செல்லும் இடத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில் தெருக்கள் வகுக்கப்பட்டன. அங்கே யார் யார் குடியிருக்கலாம் என்பதற்கும் விதி இருந்தது. நூற்போர், நெய்வோர், துணியில் சித்திரம் எழுதுவோர், வெளுப்போர், சாயம் தோய்ப்போர். இவர்களோடு கோயிலுக்கு வேண்டிய பிராமணர்களும் நடனமாதரும். துணி மட்டுமே வேண்டியிருந்த வணிகர்களுக்குக் கோயிலும் நடனமும் எதற்கு? வெறும் தறியை நம்பி எந்தக் குடும்பமும் ஊரை விட்டு வராது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். என் மருமகன் தேவாலயம் கட்டியதும் அதே கணக்கில்தான்.

அவனுடைய தீவிலும் நெசவுக்கூடம் ஒன்று இருந்தது. ஆட்டு மயிர் உள்ளே போகிறது, துணி வெளியே வருகிறது. எத்தனை மணி நேரம் ஆடினாலும் அங்கே நெய்கிறவர் நெய்துகொண்டேதான் இருப்பார். வேறு எதுவாகவும் ஆக அவருக்கு வழியில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சில ஆண்டுகளுக்கு முன் ஆரணியில் நான் பட்ட வெட்கம் மீண்டும் உறைத்தது.

என் மாணவன் ஒருவனின் வீடு அது. பட்டு நெய்யும் குடும்பம். கூடத்தில் இருந்த தறிக்குழியை மண்ணிட்டு மூடி, மேலே சிமெண்டு பூசியிருந்தார்கள். அது இருந்த இடத்தில் அவன் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மேசை கிடந்தது. ஒரு காலத்தில் விடியற்காலையில் தெரு நீளத்திற்குப் பாவு விரித்திருக்கும் காட்சியைச் சொல்லி, "வழிவழி வந்த கலையை இப்படி மூடலாமா தம்பி?" என்று கேட்டேன். வகுப்பில் பேசுவது போலவே பேசினேன். குரலும் சற்றுத் தழுதழுத்தது.

அவன் மரியாதை குறையாமல் கேட்டான்: "உங்கள் அப்பா என்ன தொழில் செய்தார் ஐயா?"

கோரைப்பாய் நெய்தார். வந்தவாசியில் எங்கள் வீட்டில் தறி கிடந்த இடத்தில்தான் இன்று என் புத்தக அலமாரி நிற்கிறது. முதுகு வளைந்தே போன அவர், என்னைத் தறியருகே அமரவே விட்டதில்லை. "நீ போய்ப் படி" என்பதே அவர் எனக்குச் சொன்ன தொழில் நுணுக்கம். இதை நான் அந்த மாணவனிடம் சொன்னேனா என்றால், இல்லை. "பாய் வியாபாரம்" என்று மழுப்பிவிட்டுக் காப்பியைக் குடித்தேன்.

மற்றவர்களின் தறி ஓடவேண்டும், என் தறி மட்டும் ஓய்ந்திருக்கலாம் என்பதுதான் என் மரபுப் பற்றின் உண்மையான பொருள் என்று திரும்பும் பேருந்தில் புரிந்தது. கம்பெனி தன் இலாபத்திற்காகக் குடிகளை ஓரிடத்தில் நிறுத்தியது. நான் என் அழகுணர்ச்சிக்காக நிறுத்த விரும்பினேன். இருவர் கணக்கிலும் அவர்கள் மகிழ்ச்சி நெய்துகொண்டே இருப்பதில்தான் அடங்கியிருந்தது.

இக்கணக்கிற்கு மாறான சான்று ஒன்று மால்வா நாட்டு மந்தசோரில் இருக்கிறது. லாட நாட்டிலிருந்து, அதாவது இன்றைய தென் குஜராத்திலிருந்து, பட்டு நெசவாளர் குழு ஒன்று தசபுரம் என்னும் அந்நகரில் வந்து குடியேறியது. கி.பி. 437இல் சூரியனுக்கு ஒரு கோயிலும் எழுப்பியது. 36 ஆண்டுகளுக்குப் பிறகு அதைப் புதுப்பித்தபோது வத்ஸபட்டி என்னும் புலவரைக் கொண்டு கல்வெட்டும் எழுதுவித்தது. அதில் அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுதான் வியப்பு. எங்களுள் சிலர் வில்வித்தை பயின்றோம், சிலர் கதை சொல்வதில் தேர்ந்தோம், சிலர் சோதிடம் கற்றோம், சிலர் நெசவையே தொடர்கிறோம் என்னும் பொருளில் வரிகள் செல்கின்றன. தறியை விட்டவர்களைப் பற்றிய புலம்பல் அதில் இல்லை. அத்தனையும் பெருமிதமாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆண்டவர்கள் எழுதிய கணக்கில் குடிகளின் மகிழ்ச்சி என்பது அவர்கள் ஊரைவிட்டுப் போகாதிருப்பது. குடிகள் தாமே எழுதுவித்த கல்லில் அது வேறொன்று: விரும்பியவர் நெய்யலாம், விரும்பியவர் வேறொன்றாகலாம்.

அந்த மாணவன் இப்போது வருவாய்த் துறையில் பணிபுரிகிறான். அடுத்த முறை அவனைப் பார்க்கும்போது என் தந்தையாரின் முதுகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.