பெரிய வண்டியா, நடுத்தர வண்டியா?

பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வாங்கிச் சேர்த்த பொருள்களின் வரிசை ஒன்று உண்டு. முதலில் மண்ணெண்ணெய் அடுப்பு. அடுத்து இரும்புக் கட்டில். பிறகு தையல் இயந்திரம். அதன்பின் எஃகு அலமாரி. கடைசியில் தொலைக்காட்சிப் பெட்டி. இவ்வரிசை குலையாமல் வாழ்ந்தவர்களே பெரும்பாலோர். எங்கள் வீட்டில் அது குலைந்தது. அலமாரி வாங்குவதற்கு முன்பே ஸ்கூட்டர் வந்துவிட்டது; அதுவும் பழைய ஸ்கூட்டர். ஆடம்பரம் என்று மாட்டுங்காவில் சில உறவினர் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. அவர்களுக்கு அன்று நான் விடை சொல்லவில்லை.

தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, 1986இல் தேவ்நாரில் இரண்டு அறை கொண்ட வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். சன்னலைத் திறந்தால் வானம் தெரிகிறது என்று என் தாயார் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். தேவ்நார் இரு முகங்களை உடைய ஊர். சயான்–டிராம்பே நெடுஞ்சாலைப் பக்கம், 1954 முதல் அங்கே இயங்கிவரும் டாட்டா சமூக அறிவியல் கழகமும் அதன் மர நிழலும் ஒரு முகம். 1971இல் திறக்கப்பட்ட பெரிய இறைச்சிக் கூடமும், 1927 முதல் நகரத்துக் குப்பையெல்லாம் வந்து மலையாகக் குவியும் மேடும் மற்றொரு முகம். பனிக்காலத்தில் அந்தக் குப்பை மேட்டின் புகை மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து வரும். வானத்தைக் காட்டிய அதே சன்னல் வழியாகத்தான் புகையும் வந்தது.

எங்கள் மகளுக்கு அப்போது வயது ஐந்து. மூச்சிளைப்பு அவளுக்குப் பிறவியிலேயே இருந்ததா, புகையால் வந்ததா என்று என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. நள்ளிரவு கடந்ததும் விலா எலும்புகள் உள்வாங்கி அவள் மூச்சுக்குத் தவிக்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு அந்த ஆராய்ச்சியில் நாட்டம் இருக்காது. “இளைப்பு மிகுந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; உடனே கொண்டுவந்துவிடுங்கள்” என்றார் செம்பூர் மருத்துவர். அவர் சொல்லிவிட்டார், கொண்டுபோவது எதில்? 1990 மழைக்காலத்தில் ஓர் இரவு, குழந்தையைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, நானும் மனைவியும் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் நின்றோம். இரண்டு ஆட்டோக்கள் நிற்காமலே சென்றன. மூன்றாவதாக வந்த பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். மராத்தியர், கூலி வாங்க மறுத்துவிட்டார். அன்று விடியற்காலையில் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தபடியே, கடன்பட்டாவது ஒரு வண்டி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

தொழிற்சாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்தாயிரம் ரூபாய் கடன் கிடைத்தது. அந்தத் தொகைக்குப் புது வண்டியைக் கனவில்தான் காணலாம். விசாரித்ததில் இரண்டு பழைய வண்டிகள் கண்ணுக்குத் தென்பட்டன.

ஒன்று பஜாஜ் சேத்தக். செட்டா நகரில் ஓய்வுபெற்ற ஒருவர், துடைத்துத் துடைத்தே பாதி வண்ணத்தைப் போக்கி வைத்திருந்தார். விலை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மற்றொன்று கைனெடிக் ஹோண்டா. அணுசக்தி நகரில் ஓர் அம்மையார் ஓட்டிக்கொண்டிருந்தது. கணவருக்குக் கல்பாக்கத்துக்கு மாற்றலாகிவிட்டதால் விற்க முன்வந்தார். விலை பன்னிரண்டாயிரம், ஒரு காசு குறையாது என்றார். முன்னது 150 சி.சி. வகை; அக்காலத்தில் பெரிய வண்டி என்றால் அதுதான். பின்னது 98 சி.சி.; மொபெட்டுக்கும் பெரிய ஸ்கூட்டருக்கும் இடைப்பட்ட நடுத்தர வண்டி.

சேத்தக் என்ற பெயருக்கு அன்றிருந்த மதிப்பை இன்றைய இளைஞருக்கு விளக்குவது கடினம். இத்தாலியப் பியாஜியோ நிறுவனத்தோடு இருந்த உரிமம் 1971இல் முடிந்தபின், 1972இல் ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைத் தாங்கி வெளிவந்த வண்டி அது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. வெளிநாட்டில் உறவினர் இருந்து அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் முன்னதாகக் கிடைக்கும். அதற்காகவே வளைகுடாவிலிருந்த மைத்துனரைத் திடீரென்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு! என் திருமணத்தின்போது, மாப்பிள்ளை சேத்தக்குக்குப் பதிவு செய்திருக்கிறார் என்பதே ஒரு தகுதியாகப் பேசப்பட்டது. என்னைப் பற்றி அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. நான் வண்டி ஓட்டக் கற்றது நண்பர் ஒருவரின் பழைய லாம்பிரெட்டாவில். அதைச் செய்தது பம்பாயின் ஏ.பி.ஐ. நிறுவனம்; பிற்காலத்தில் அது நம் சென்னை எம்.ஏ. சிதம்பரத்தின் குழுமத்துக்கு உரியதாயிற்று. சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்தவருக்கும் என் முழங்கால் தழும்புக்கும் இப்படி ஒரு தொடர்பு.

மனைவியின் தமையனார் மாட்டுங்காவில் இருந்தார். பொருள் வாங்குவதில் அவர் சொல்லுக்கு எங்கள் குடும்பத்தில் மறுப்பில்லை. “மாப்பிள்ளை, யோசனையே வேண்டாம். சேத்தக்கை முடிங்க. தகரம் இரும்பு மாதிரி. எந்தத் தெருமுனையிலும் ரிப்பேர் பண்ணலாம். நாளைக்கு வித்தாலும் போட்ட பணம் வந்துரும். அந்தக் கைனெடிக் பொம்பளைங்க வண்டி. பெல்ட் அறுந்தா நடுரோட்டுல நிக்கணும்” என்றார்.

அவர் சொன்னதில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் உண்மை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் பெட்ரோல் விலை ஏறியது. சேத்தக் லிட்டருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் தரும் என்றார் செட்டா நகர்ப் பெரியவர். கைனெடிக் ஹோண்டாவுக்கு முப்பத்தைந்துதான் என்று அந்த அம்மையாரே ஒப்புக்கொண்டார். அவருடைய நேர்மை என்னைக் கவர்ந்தது, கணக்கு கவரவில்லை. ஒரு மாலை காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விலையில் இரண்டாயிரத்து ஐந்நூறு மிச்சம், பெட்ரோலில் மாதாமாதம் மிச்சம், விற்கும்போதும் நட்டமில்லை. சேத்தக் மூன்று வழியிலும் வென்றது. மறுநாள் முன்பணம் கொடுக்கப் போவதாக அறிவித்தேன்.

மனைவி தையல் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: “நீங்க நைட் ஷிஃப்ட்டுல இருக்கும்போது பிள்ளைக்கு வந்தா?”

மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் எனக்கு இரவுப் பணி. டிராம்பேயில் பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஆறுக்குத்தான் வெளியே வரலாம். என் கணக்குத் தாளில் இந்த வாரம் இடம்பெறவே இல்லை. வண்டி என்றால் ஓட்டுகிறவன் நான், பின்னால் உட்காருகிறவள் அவள் என்பது எனக்குக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. அவள் ஓட்டுவாளா என்று நான் எண்ணிப் பார்க்கக்கூட இல்லை என்பதை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தாராவிக்குச் சென்றோம். தொண்ணூறடிச் சாலையருகே ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்; திருநெல்வேலிப் பேச்சு மாறாதவர். செய்தியைக் கேட்டதும், பட்டறையில் நின்ற சேத்தக் ஒன்றைக் காட்டி, “அண்ணாச்சி, நீங்க பேசாம ஓரமா நில்லுங்க. அக்கா, இத ஒருக்கா உதைச்சுப் பாருங்க” என்றார்.

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உதைத்தாள். வண்டி இருமியது, கிளம்பவில்லை. மெக்கானிக் அதை இடப்பக்கம் சாய்த்து நிமிர்த்தித் தானே ஒரு உதை கொடுத்தார்; கிளம்பியது. சேத்தக் வைத்திருந்த அனைவரும் அறிந்த வித்தை இது. பிறகு அவர் விளக்கியதை இயன்றவரை அப்படியே தருகிறேன். இரு வண்டிகளுக்கும் எடையில் பெரிய வேறுபாடில்லை. இரண்டுமே ஏறத்தாழ நூறு கிலோதான். ஆனால் சேத்தக்கின் எஞ்சின் நடுவில் இல்லாமல் வலப்பக்கமாகத் தொங்குகிறது; பழகாதவர் கையில் வண்டி வலப்பக்கம் இழுக்கும். கிளட்சை இடக்கையால் அழுத்தி, அதே கையால் பிடியையும் திருகினால்தான் கியர் மாறும். சிறிய கை உள்ளவர்களுக்கு மணிக்கட்டு நோகும். பின் பிரேக் வலக்காலில் இருப்பதால் புடவை கட்டியவர் கொசுவத்தையும் கவனிக்க வேண்டும். பெட்ரோல் போடும்போதெல்லாம் அளவறிந்து எண்ணெய் கலக்க வேண்டும். கைனெடிக் ஹோண்டாவில் கியரே இல்லை. இரண்டு பிரேக்கும் கையில். எண்ணெய்க்குத் தனித் தொட்டி, அது தானே கலந்துகொள்ளும். பொத்தானை அழுத்தினால் கிளம்பும், பாட்டரி ஓய்ந்தால் உதைக்கவும் ஒரு மிதி உண்டு.

“அக்காவால சேத்தக் ஓட்ட முடியாதுன்னு நான் சொல்லல அண்ணாச்சி. ஆறு மாசம் பழகுனா ஓட்டிருவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு, கை நடுங்கையில, ஒரே உதையில கிளம்பணுமே, அதான் கேள்வி” என்றார் அவர். விற்கும்போது விலை குறையும், பெல்ட்டுக்குச் செலவு வைக்கும் என்பதையும் மறைக்கவில்லை. இத்தனைக்கும் சேத்தக் வாங்கியிருந்தால் அவருக்கே வேலை மிகுதியாகக் கிடைத்திருக்கும்.

திரும்பும் வழியில் பேருந்தில் இருவரும் பேசவில்லை. பணம் இரண்டாயிரம் இடித்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் அரிசி டப்பாவின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்து வைத்தாள். ரவிக்கை தைத்துச் சேர்த்தது, அலமாரிக்கென்று வைத்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.

1990 டிசம்பரில் கைனெடிக் ஹோண்டா எங்கள் வாசலுக்கு வந்தது. மைத்துனர் பார்க்க வந்தார்; இருக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல கலர்” என்று மட்டும் சொன்னார். அவள் ஞாயிறு காலைகளில் அருகிலிருந்த திடலில் கற்றுக்கொண்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டாம் வாரமே ஓட வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டம், கியர் இல்லாத வண்டிக்குத் தனி வகை உரிமம் வைத்திருந்தது. ஆகவே எட்டுப் போட்டுக் காட்டி அவள் அதைப் பெற்றாள். உரிமத்தில் ஒட்டிய புகைப்படத்தில் அவள் முகம் கோபமாக இருக்கும். கோபமில்லை, பயம் என்பாள்.

என் தாயாருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. பெண் முன்னால் உட்கார்ந்து ஆண் பின்னால் உட்காரும் காட்சியைத் தெருவே வேடிக்கை பார்க்கிறது என்பது அவர் முறையீடு. தெரு பார்த்தது உண்மைதான். ஒரு மாதம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. அம்மா நிறுத்தவில்லை. அந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்று, செட்டா நகர் முருகன் கோயிலுக்குக்கூட நடந்தே போய்வந்தார்.

அந்த வண்டி எங்களிடம் பதினோரு ஆண்டுகள் இருந்தது. பெல்ட் இரண்டு முறை அறுந்தது. ஒருமுறை மைத்துனர் சொன்னபடியே நடுச்சாலையில்தான். ஹோண்டா 1998இல் கைனெடிக்கை விட்டு விலகியது. மைத்துனர் போற்றிய சேத்தக்கும் 2000களின் நடுவில் பெட்ரோல் வண்டியாக வெளிவருவது நின்றுபோய், 2020இல் மின்வண்டியாகப் பெயரை மீட்டுக்கொண்டது. இப்போது அதிலும் கியர் கிடையாது. என் பேத்தி ஓட்டும் வண்டியிலும் கியர் இல்லை. இடக்கையால் கியர் மாற்றும் வண்டி ஒன்று இருந்தது என்றால் அவள் நம்ப மறுக்கிறாள்.

நான் சொல்ல வந்தது 1991 டிசம்பரில் ஒரு காலையைப் பற்றி. இரவுப் பணி முடிந்து, பனியும் புகையும் கலந்த தெருவில் ஏழு மணியளவில் வீட்டை நெருங்கினேன். வண்டியை எப்போதும் சுவரைப் பார்த்து நிறுத்துவது என் வழக்கம். அன்று அது தெருவைப் பார்த்து நின்றது. இருக்கையின்மேல் அம்மாவின் கம்பளித் துண்டு கிடந்தது.

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. மகள் வாயைத் திறந்தபடி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. புறங்கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு. மனைவி தையல் இயந்திரத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். அம்மா அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனது தாம்தான் என்பதை அவராகச் சொல்லவில்லை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மருமகள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

“அந்த டயமண்ட் கார்டன் திருப்பத்துல மட்டும் கொஞ்சம் வேகமாப் போறா. நீ சொல்லி வையி.”