கொல்லைப்புறக் கணக்கு

பழனி மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பெரும்பாறை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், பட்சி பார்க்கும் எங்கள் கோஷ்டியின் ஞாயிற்றுக்கிழமை நடை நின்றுபோயிற்று. வீட்டிலிருந்தே 15 நிமிஷம் பார்த்துக் குறிக்கச் சொல்லியிருந்தது 'பேர்ட் கவுண்ட் இந்தியா'. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொல்லையில் நிற்பேன். குக்குறுவான் 2, செம்மீசைச் சின்னான் 4. பால் பொங்கி வழிந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை, சகோதரிகளே!

இரவில் போனில் ஒருவருக்கொருவர் கணக்கு ஒப்பிப்போம். மதுரையில் மகன் வீட்டில் அகப்பட்டுக்கொண்ட டீச்சரம்மா மட்டும், "இங்கே காக்கையும் மைனாவும்தானம்மா" என்றார், அழமாட்டாக் குறையாக. காக்கையும் கணக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தேன், சமாதானமாகவில்லை.

மறுநாள் விடியலில் அவரை அழைத்து, போனை ஜன்னலில் வைத்தேன். பூங்குருவி, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் ராகமில்லாமல் சீட்டியடித்தது. மறுமுனையில் பேச்சே இல்லை.

அப்புறம் மெல்ல, "நம்ம ஓடைக்கரைதானே?" என்றார்.