எல்க் வேட்டைக்கு முன்: வரைபடக் குறிப்புகள்

இடம்: கொலராடோவின் தென்மேற்கே சான் ஹுவான் மலைகள். ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கர் பரந்த வெமினூச் காட்டுக்குள் மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை; சைக்கிளுக்கும் இல்லை; இறைச்சி ஏற்றும் தள்ளுவண்டிக்கும் இல்லை. தனியாகப் போகிறவர் வரைபடத்தில் முதலில் குறிக்கவேண்டியது சாலை முடியும் இடத்தை. எல்க் மான் இருக்கும் இடம் அதற்கு அப்புறம்தான்.

*

கணக்கு: வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ இருக்கும். எலும்பு நீக்கினால் ஏறத்தாழ 90 கிலோ இறைச்சி. நடைக்கு 25 கிலோ சுமந்தால் நான்கு நடை. வண்டி 5 கி.மீ. தள்ளி நின்றால், சுமையோடு நான்கு முறை, வெறுங்கையோடு திரும்ப மூன்று முறை, ஆக 35 கி.மீ. அதுவும் 3,000 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் காற்றில். எனவே சாலை முடிவிலிருந்து 3 கி.மீ. வட்டம் போடுகிறேன். அதைத் தாண்டினால், சுமை இறக்கக் குதிரைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

*

1:24,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து. நெருக்கத்துக்கு நடுவே சட்டென்று இடைவெளி விட்டால் அங்கே சரிவில் ஒரு சமதளம். பகலில் எல்க் படுக்க விரும்பும் இடம். வடக்கு பார்த்த சரிவில் அடர்மரமும் குளிர்ச்சியும். தெற்கு பார்த்த சரிவில் புல். மாலையில் மேய்ச்சல் அங்கே. இவ்விரண்டும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்த இடங்களையே தேடுகிறேன்.

*

செயற்கைக்கோள் படத்தில் சாம்பல் நிறக் காடு தெரிந்தால் கவனம்: வண்டு அரித்துச் செத்த ஸ்ப்ரூஸ் மரங்கள். விழுந்து குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால், ஒரு கிலோமீட்டரைக் கடக்கவே அரைநாள் ஆகும். 2013-இல் வெஸ்ட் ஃபோர்க் தீ எரித்த பகுதிகளில் வெளிச்சம் விழுந்து புல் முளைத்திருக்கும். படம் எந்த ஆண்டினது என்று பார்த்தபின்பே நம்புவது.

*

காற்று வரைபடத்தில் இல்லை, ஆனால் ஊகிக்கலாம். விடியலில் குளிர்காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேலே எழும், மாலையில் மறுபடி இறங்கும். ஆகவே விடியலில் மானுக்குக் கீழே இருக்கவேண்டும். வெயில் ஏறிய பிறகு மேலே. எல்க்கின் மோப்பத்தை ஏமாற்ற முடியாது.

*

செல்போனில் வரைபடத்தை இறக்கி வைத்தாலும் காகிதப் பிரதியும் திசைகாட்டியும் கட்டாயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். வழியையும் திரும்பும் நேரத்தையும் குறித்த இன்னொரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

*

உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது கொலராடோவில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம். சுமந்து இறங்க முடியாத இடத்தில் துப்பாக்கியைத் தூக்காதீர்கள்.