விதைக் கேழ்வரகைத் தின்னலாமா?



குடும்பப் பத்திரிகையில் கால்பந்தைக் குறித்து எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். பந்து விளையாட்டு பிள்ளைகளுக்குரியது, நமக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கின்றனவே என்பீர்கள். ஆனால் ஒரு பெரிய கழகம் கடனில் மூழ்குகிற விதத்தையும், ஒரு சிறிய குடும்பம் கடனில் மூழ்குகிற விதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வழியில் நடப்பதைக் காண்பீர்கள். ஆகையால் சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

நான் பிறந்த ஊர் கோபிநத்தம். வீரப்பன் பிறந்த ஊர் என்பதற்குமேல் வெளியுலகம் அதைப்பற்றி அறிந்தது குறைவு. முன்பு மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மாதேஸ்வரன் மலைக்கு அப்பால், காட்டுக்குள்ளே, தமிழ் பேசுகிற ஜனங்கள் வாழும் சிற்றூர். மழையை நம்பிய நிலத்தை விட்டுப் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். என் அண்ணன் மகனும் ஒருவன்.

அவன் இந்நகரத்தில் ஒரு சிறு கால்பந்துக் கழகத்தின் மைதானத்தில் வேலை செய்தான். பெரிய தொடர்களில் ஆடும் கழகமல்ல அது. புல் வெட்டுவது, தண்ணீர் பாய்ச்சுவது, கோடு போடுவது, ஆட்டக்காரர்களின் உடைகளைத் துவைத்து உலர்த்துவது அவன் வேலை. ஒப்பந்தக்காரர் மூலமாய் வேலைக்குச் சேர்ந்தவன். ஒரு மாதம் சம்பளம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. மூன்றாம் மாதம் வீட்டு வாடகைக்காக மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. “நீ ஏன் கேட்கவில்லை?” என்றேன். “சித்தப்பா, பந்து ஆடுறவங்களுக்கே பணம் வரலையாம். புல்லு வெட்டுறவனுக்கு யாரு தருவாங்க?” என்றான்.

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. பணம் எங்கே போயிற்று? ஆயிரக்கணக்கானோர் கைதட்டும் ஒரு விளையாட்டில் சம்பளத்துக்குப் பணம் இல்லாமற்போவது எப்படி? அன்றுமுதல் இதைக் குறித்து வாசிக்கத் தொடங்கினேன்.

வெற்றி வேறு, வருமானம் வேறு

ஹைதராபாத் எஃப்.சி. என்னும் கழகம் 2019-இல் தொடங்கப்பட்டது. 2022 மார்ச் மாதம் கோவாவில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை வென்று, ஐ.எஸ்.எல். கோப்பையைக் கையில் ஏந்தியது. அடுத்த ஆண்டும் புள்ளிப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நின்றது. வெளியே நின்று பார்த்தவர்கள் அதைச் செழிப்பான வீடு என்றே எண்ணியிருப்பார்கள். 2023-24-இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நின்றது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராய்ப் புறப்பட்டுப் போனார்கள். பழைய பாக்கிகளைத் தீர்க்காததால் புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கக்கூடாது என்று ஃபிஃபா தடை விதித்தது. அனுபவமில்லாத இளைஞர்களே களத்தில் நின்றார்கள். கழகம் கடைசி இடத்தில் முடித்தது. பின்பு உரிமை கைமாறியது; 2025-இல் பெயரும் மாறி, கழகம் டெல்லிக்கே போய்விட்டது. கோப்பை வென்று நான்கு ஆண்டுகள் ஆகுமுன்னே அந்த நகரத்து ரசிகர்களுக்குக் கழகமே இல்லை!

நம் தமிழ்நாட்டுக் காரியத்தையும் பாருங்கள். சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூரைத் தன் களமாகக் கொண்டு 2018-19-இல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆசியப் போட்டியிலும் ஆடியது. அப்படிப்பட்ட கழகம் 2020-21-க்குப் பிறகு அந்தத் தொடரில் ஆடவேயில்லை.

பஞ்சாபின் ஜே.சி.டி. அணி நாட்டின் முதலாவது தேசியக் கால்பந்து லீக்கை 1996-97-இல் வென்றது, 2011-இல் கலைக்கப்பட்டது. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-இல் மூடப்பட்டது. இவை கடனால் மூழ்கியவை அல்ல. நடத்திய நிறுவனம் போதும் என்று தீர்மானித்தவுடனே நின்றுபோனவை. நம் நாட்டில் பெரும்பாலான கழகங்கள் நுழைவுச் சீட்டு விற்ற பணத்தால் வாழ்வதில்லை. உரிமையாளர் ஆண்டுதோறும் ஊற்றும் பணத்தால் வாழ்கின்றன. ஒரே ஊற்று; அது அடைபட்டால் வயல் முழுவதும் காய்ந்துபோம்.

2025-இல் இது எல்லாருடைய கண்களுக்கும் வெளியரங்கமாயிற்று. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் 15 ஆண்டுகளுக்குச் செய்திருந்த வணிக ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அடுத்த ஒப்பந்தம் தயாராயிருக்கவில்லை. ஐ.எஸ்.எல். தொடரே நடக்குமா என்ற நிலை. அந்த ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதன்மை அணியின் ஆட்டக்காரர்களுக்கும் பணியாளர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்.சி.யும் தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. தொடர் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஒப்பந்தம் முடியும் நாள் 15 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். திடீரென்று வந்த வெள்ளமல்ல இது.

நாளைய வரவை இன்றே விற்றவர்கள்

கடல்கடந்த நாடுகளில் வருமானம் மிகுதி; ஆயினும் அங்கும் இதே கதைதான். இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் 2001-இல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிவரை சென்றது. இனி ஆண்டுதோறும் அந்தப் போட்டியில் ஆடுவோம், பணம் குவியும் என்று நம்பி, வருங்காலத்தில் விற்கப்போகும் நுழைவுச் சீட்டுகளின் வருமானத்தை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. விலையுயர்ந்த ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்தது. ஆனால் அந்தப் போட்டிக்கு மறுபடியும் தகுதி பெறவில்லை. ஆட்டக்காரர்கள் விற்கப்பட்டார்கள், 2004-இல் முதல் நிலையிலிருந்து கீழே இறங்கிற்று, சொந்த மைதானமும் விற்கப்பட்டது, 2007-இல் நொடித்து நிர்வாகியின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

இதை வாசித்தபோது எங்கள் ஊர்த் தாய்மார்கள் நினைவுக்கு வந்தார்கள். எங்கள் வீடுகளில் விதைக் கேழ்வரகுக்கென்று ஒரு பானை தனியே இருக்கும். மழை பொய்த்த ஆண்டிலும் அதன் வாய் அவிழ்க்கப்படாது. களிக்கு மாவு இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் கடன் கேட்பார்களே தவிர அந்தப் பானையைத் தொடமாட்டார்கள். அதைத் தின்றால் இன்று வயிறு நிறையும். அடுத்த மழைக்கு நிலம் வெறுமையாய்க் கிடக்கும். படிப்பறியாத அந்தத் தாய்மார் அறிந்திருந்த கணக்கை லீட்ஸ் நிர்வாகிகள் அறியாமற்போனார்களே!

வரிசையின் கடைசியில் நிற்பவர்

கழகம் நொடித்தால் யாருக்கு முதலில் பணம் கிடைக்கும்? இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கழகம் 2008-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்று, 2010-இல் நொடித்தது. அதன் பாக்கிப் பட்டியலில் மைதானத்தில் முதலுதவி செய்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பும் இருந்தது. அந்நாட்டுக் கால்பந்து விதிப்படி ஆட்டக்காரர்களின் சம்பளமும் மற்றக் கழகங்களின் பாக்கியும் முழுமையாய்க் கொடுபடவேண்டும். உள்ளூர்க் கடைக்காரருக்கும் தொண்டருக்கும் மீதியில் ஒரு துளிதான்.

நம் நாட்டில் 2016-இல் வந்த திவால் சட்டம் ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. திவால் நடவடிக்கைகளின் செலவு முதலாவது. அடுத்து, தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும் ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர்களின் பாக்கியும் ஒரே படியில். அதற்கடுத்து, மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். ஆனால் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவன் கழகத்தின் ஊழியர் பட்டியலிலேயே இல்லையே! அவனுக்கு உதவுவது தொழிலாளர் சட்டம். ஒப்பந்தக்காரர் கூலி கொடாவிட்டால், வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்கவேண்டும். என் அண்ணன் மகன் வருகைப் பதிவின் நகலை வைத்திருந்தான். அதைக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அலைந்து திரிந்து இரண்டு மாதக் கூலி வந்தது. மூன்றாம் மாதக் கூலி இன்னும் வரவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

பிரியமானவரே, இப்பொழுது உங்கள் வீட்டைப் பாருங்கள். ஊரில் நிலத்தை அடகு வைத்து, நகரத்தில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து, அடுத்த தீபாவளி போனஸை நம்பி இந்த மாதமே தவணையில் வண்டி வாங்கும் வீடுகள் நம்மில் எத்தனை! மகளின் திருமணத்துக்காக ஐந்து ஆண்டுச் சம்பளத்தை முன்கூட்டியே விற்றுவிட்டவர்கள் எத்தனை பேர்! கைபேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடன், ஐந்து ஆண்டு உறக்கத்தைக் கொண்டுபோகிறது. கோபுரம் கட்டத் தொடங்கி, முடிக்கத் திராணியில்லாமல் ஊராரின் பரியாசத்துக்கு ஆளானவனின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவனுடைய குறை ஆசையல்ல. உட்கார்ந்து கணக்குப் பாராமைதான்.

ஆகையால் இன்றிரவு கணவனும் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். நம் வீட்டுக்குள் வரும் பணம் எத்தனை ஊற்றுகளிலிருந்து வருகிறது? அதில் ஒன்று மூன்று மாதம் நின்றால் யார் பசியாயிருப்பார்கள்? இன்னும் கைக்கு வராத எந்தப் பணத்தை நாம் ஏற்கெனவே செலவழித்துவிட்டோம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடையை எழுதுங்கள், பிள்ளைகளும் பார்க்கட்டும்.

ஒப்பந்தத்தில் வேலை செய்கிற சகோதரரே, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுபடவேண்டும் என்பது சட்டம். வருகைப் பதிவைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். வைப்பு நிதி செலுத்தப்படாமல் நிற்பதே பல இடங்களில் முதல் அடையாளம். முதல் மாதம் தவறும்போதே கேளுங்கள். மூன்றாம் மாதம்வரை காத்திருக்கவேண்டாம்.

போர்ட்ஸ்மவுத் கழகம் அழிந்துபோகவில்லை. 2013-இல் அதன் ரசிகர்கள் அறக்கட்டளையாய் ஒன்றுகூடி, ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பணம் போட்டு அதை வாங்கினார்கள்; அடுத்த ஆண்டே பழைய பாக்கிகளைத் தீர்க்கவும் வழிகண்டார்கள். விழுந்த வீட்டை எழுப்பவும் கூடும். அதற்கும் முதலில் யாராவது ஒருவர் உட்கார்ந்து உண்மையான கணக்கை எழுதவேண்டும்.