குன்னூரில் ஒரு கண் ஆபரேஷன்

"லீவு எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"கண் ஆபரேஷன் சார்."

"யாருக்கு?"

"யாஷிகாவுக்கு."

ஏதோ வடநாட்டுச் சொந்தம் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டார்!

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு மலை ரயில். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல்வரிசையைக் கடித்துக்கொண்டு, எஞ்சின் நம்மைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிற பையனை அம்மா தள்ளுகிற மாதிரி. பக்கத்து சீட்டுக்காரர்கள் செல்போனும் கையுமாக ஜன்னலில் தொங்க, என் பையில் ஜாமெட்ரி பாக்ஸ் டிவைடர், சைக்கிள் டியூப் துண்டு, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடு, கொஞ்சம் அம்மோனியா. போலீஸ் சோதனை போட்டிருந்தால் என் கதி என்னவோ!

அப்பா போஸ்டாபீஸில் ரிடையர் ஆனவர். அவருடைய யாஷிகா மேட் 124ஜி இரட்டைக் கண் கேமரா. மேல் கண் நாம் பார்க்க, கீழ்க் கண் படம் பிடிக்க. 1994-ல் அக்கா கல்யாணத்துக்கு அதில்தான் படமெடுத்தார். கழுவி வந்தால் எல்லாமே ஒரே புகை மூட்டம். "கல்யாணம் மண்டபத்துல நடந்துச்சா, மேகத்துல நடந்துச்சா?" என்று மாமா ஒருத்தர் கேட்டு வைக்க, பந்தியே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "என் கண்ணுதான் சரியில்ல போல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டியவர்தான். வருஷத்துக்கு ஒரு தரம் ஆயுத பூஜைக்கு வெளியே வரும். சந்தனப் பொட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் வைத்து அழுத்திப் பிடித்து, டார்ச் அடித்தேன். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள்.

"டேய், அதுக்கும் புரையா?" என்றார் அப்பா. போன வருஷம்தான் அவருக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது.

புரை இல்லை, பூஞ்சை. குன்னூர் ஈரத்தில் தோல் உறை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் துண்டு சுற்றி, இருட்டில் பூட்டினால் பூஞ்சைக்கு அது மாமியார் வீட்டு விருந்து! பத்திரமாக வைத்ததுதான் வினை. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

சைக்கிள் டியூபை லென்ஸ் வளையத்தில் அழுத்தித் திருகினேன். முதலில் முரண்டு பிடித்து, பிறகு 'கிறீச்' என்று வழிக்கு வந்தது. உள்ளே இருந்த வளையத்தின் இரண்டு பள்ளங்களில் டிவைடர் முனைகள் கச்சிதமாக உட்கார்ந்தன. (கை வழுக்கினால் கண்ணாடியில் கோடு. மூச்சை அடக்கிக்கொண்டேன்.) மொத்தம் நான்கு கண்ணாடிகள். பின்னால் இருக்கும் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியவை, அவற்றைப் பிரிக்கக்கூடாது. பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் தொட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தேன். இழைகள் கரைந்தன. ஓரத்தில் மட்டும் மெல்லிய தடம் தங்கிவிட்டது. பூஞ்சை கக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடுமாம், அதற்கு மருந்தில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேல்மூடியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருந்த கண்ணாடியையும் துடைத்தேன். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ரசம் பின்பக்கம் இருக்கும் என்ற நினைப்பு. இதில் முன்பக்கம்! விரல் நீளத்துக்குக் கீறல். படத்தில் விழாது, பார்க்கும்போதுதான் உறுத்தும். அப்பா எட்டிப் பார்த்து, "பரவால்ல விடு, வானத்துல மின்னல் மாதிரி இருக்கு" என்றார்.

பூட்டி முடித்து, ஃபிலிம் ஓடுகிற இடத்தில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, ஜன்னல் பக்கம் திருப்பினேன். அப்பா பூதக்கண்ணாடியோடு குனிந்தார். எதிர்மலைத் தேயிலைத் தோட்டம் பேப்பரில் தலைகீழாக, வரி வரியாக, பளிச்சென்று.

ரொம்ப நேரம் நிமிரவில்லை. "பஸ் ஒண்ணு தலைகீழா போகுதுடா" என்றார். அப்புறம், "ஃபிலிம் கிடைக்குதா இப்ப?"

அவர் காலத்தில் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிம் கிடைக்கும். அந்தத் தொழிற்சாலை மூடிவிட்டது. சென்னையில் விலை கேட்டு மயங்கி விழாமல் வாங்கி வந்த வெளிநாட்டு ரோல் ஒன்றை நீட்டினேன்.

"பன்னிரண்டு படம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அக்காவுக்குப் போன் போடு. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொல்லு. அந்தக் கூரைப்புடவை இருந்தா எடுத்துட்டு வரட்டும்."