என் நம்பர் 9.4



போன மாதம் நம் பள்ளியில் ரத்தப் பரிசோதனை நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நர்ஸ் அக்கா விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தார். என் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. பக்கத்தில் நின்ற என் தோழிக்கு 12.6. இருவரும் ஒரே பெஞ்சு, ஒரே சத்துணவு. பிறகு எப்படி இவ்வளவு வித்தியாசம்?

அன்றிலிருந்து பையன்கள் என்னை "ஏய், ஒன்பது புள்ளி நாலு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அழுகை வந்தது. ஆனாலும், "ரத்தம் ஆளுக்கு ஆள் மாறத்தான்டா செய்யும்" என்று சமாளித்தேன். அதைக் கேட்ட அறிவியல் டீச்சர், "நீ சொன்னது பாதி சரி, பாதி தப்பு" என்றார்.

நம் பள்ளி ஆலமரத்துக் குரங்குகளைக் காட்டி டீச்சர் கேட்டார்: "அந்தக் கூட்டத்துக்கே ரத்தம் எடுத்துப் பார்த்தா, எல்லாத்துக்கும் ஒரே நம்பரா வரும்? வராது. வளர்ந்த கடுவனுக்கு ஒண்ணு, குட்டிக்கு ஒண்ணு, வயித்துல குட்டி சுமக்குற மந்திக்கு ஒண்ணு. பிடிக்கும்போது பயந்துபோன குரங்குக்கு வெள்ளை அணுவும் சர்க்கரையும்கூட ஏறிடும்." அதனால்தான் விஞ்ஞானிகள் ஒரே எண்ணை எழுதாமல், 'இதிலிருந்து இதுவரை' என்று எழுதுவார்களாம்.

குரங்கும் மனிதனும் பிரைமேட் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவர்கள். அதனால் நமக்கும் இதே கதைதான். ஊட்டி மாதிரி உயரமான இடத்தில் காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. அங்கேயே வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மாதாமாதம் ரத்தம் போவதால் பெண்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம்.

"அப்போ தப்பு எது டீச்சர்?" என்று கேட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கோடு போட்டிருக்கிறதாம். 100 மில்லி ரத்தத்தில், வளர்ந்த ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12 கிராம். 12 முதல் 14 வயது வரை ஆண், பெண் இருவருக்குமே 12. "கோட்டுக்கு மேல உனக்கும் அவளுக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா அது வித்தியாசம். கோட்டுக்குக் கீழ போனா அது ரத்தசோகை" என்றார்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். வியாழக்கிழமை தரும் நீல மாத்திரையை நான் விழுங்கியதே இல்லை. குமட்டுகிறது என்று வேப்பமரத்துப் பக்கம் போய்த் துப்பிவிடுவேன். காலையில் வெறும் டீயோடு பள்ளிக்கு வந்துவிடுவேன். கணக்குப் பாடத்தில் தூக்கம் வருவதற்குக் கணக்கு மட்டும் காரணம் இல்லை என்று அன்றுதான் புரிந்தது.

வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "எனக்கும் மாடு பிடிச்சுக் கட்டுறதுக்குள்ள மூச்சு வாங்குதுடி" என்றது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு 8.7. எங்கள் வீட்டில் அம்மாதான் கடைசியாகச் சாப்பிடும். சட்டியில் மிச்சம் இருந்தால்தான் அதற்குக் குழம்பு.

இப்போது நானும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறோம். முருங்கைக்கீரை, கூடவே நெல்லிக்காய். சாப்பிட்டவுடன் டீ குடிப்பதில்லை, அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அம்மாவுக்குத் தனியாக மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

மாத்திரையைத் துப்பும் தோழிகள் இன்னும் நாலு பேரை எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு போடுங்கள், குமட்டல் குறையும். வேப்பமரத்துக்கு ரத்தசோகை இல்லை!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி